சங்குமுனைக்கு ஊர் பார்க்க வந்தவர்கள்

சங்குமுனையில் செத்துப்போனவர்கள் சுற்றுலாப் பயணிகளாக வந்து இறங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், கடற்கரைச் சாலை டீக்கடையில் பால்கூட இன்னும் பொங்கியிருக்கவில்லை. தெற்கேயிருந்து வெளிர்நீல நிறத்தில் ஒரு பேருந்து, நம்பர் பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாமந்திப்பூ மாலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து நாற்பத்தொரு பேர், ஆளுக்கொரு மஞ்சள் துணிப்பையும் வெயிலுக்கொரு தொப்பியுமாக, படியில் கால் இடறாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் நாலு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதியில் இறந்துபோன உப்பள மேஸ்திரி சுடலைமுத்து. அவர் நேராக டீக்கடைக்கு வந்து, "ஒரு டீ போடும், சீனி கம்மியா" என்றார். கடைக்காரர் காஜா மைதீன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னுமா வே சீனி கம்மி?" என்று கேட்டார்.

சுடலைமுத்து யோசித்தார். இந்த நாலு வருடத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை.

"அட, ஆமா! அப்ப நாலு கரண்டி போடும்" என்றார்.

சங்குமுனை ஆட்கள் இதற்கெல்லாம் வியப்பவர்கள் இல்லை. கடலோரத்து ஊரில் போனது திரும்பி வருவது வழக்கம்தான். அறுந்துபோன வலை வரும், அலை இழுத்துக்கொண்டு போன ஒற்றைச் செருப்பு ஆறு மாதம் கழித்து அதே காலைத் தேடிக்கொண்டு வரும், ஐப்பசிப் புயலில் போன வள்ளம் பங்குனியில் வேறொருவன் பெயரைச் சுமந்துகொண்டு வரும். மனிதர்கள் வருவதற்குத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களால் தாங்க முடியாமல் போனது வேறொன்று. வந்தவர்கள் ஒருவர்கூட வீட்டுக்குப் போகாமல், நேராகக் கடலோசை லாட்ஜுக்குப் போய் அறை எடுத்தார்கள்.

லாட்ஜ் மேலாளர் பால்துரை பதிவேட்டை நீட்டினார். "வந்த நோக்கம்" என்ற இடத்தில் எல்லோரும் "ஊர் பார்க்க" என்று எழுதினார்கள். "நிரந்தர முகவரி" என்ற இடத்தில் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் வரிசை எண்ணை எழுதினார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருப்பவர்கள் வேப்பமரத்தை அடையாளம் குறித்தார்கள். சாம்பலாகிக் கரைந்தவர்கள் பேனாவைக் கடித்தபடி வெகுநேரம் நின்று, கடைசியில் "கடல்" என்று எழுதினார்கள். "கடல்னா எந்தப் பக்கம்?" என்று கேட்ட பால்துரைக்கு, "கரைச்சது கிழக்கே. இப்ப எல்லாப் பக்கமும்" என்று பதில் வந்தது.

பத்து மணிக்குள் குடும்பங்கள் லாட்ஜ் வாசலில் கூடிவிட்டன. காலஞ்சென்ற தலைமையாசிரியர் ஞானையாவின் மகன் கண் கலங்கி நின்றான்.

"அப்பா, சொந்த வீடு இருக்கும்போது லாட்ஜ்ல தங்குனா ஊர் என்னப்பா சொல்லும்?"

"வீட்டுக்கு வந்தா மோட்டார் ஓடலைம்ப, தண்ணித் தொட்டி ஒழுகுதும்ப. நானும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மேல ஏறிருவேன். எழுபத்திரண்டு வருசம் இந்த ஊர்ல இருந்தேன், ஊரைப் பாக்கலை. மூணு நாள் லீவு குடுத்திருக்காவ. தள்ளு, வெயில் ஏறுது" என்றார் ஞானையா.

நகராட்சியில் அவசரக் கூட்டம் போட்டார்கள். வந்திருப்பவர்கள் வெளியூர்க்காரர்களா உள்ளூர்க்காரர்களா என்று ஒன்றரை மணி நேரம் பேசி, எதற்கும் ஒரு வரவேற்புப் பலகை வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். பலகை அடிக்கிறவரிடம் நாற்பத்தொரு பேரின் படமும் ஏற்கெனவே இருந்தது. "கண்ணீர் அஞ்சலி" என்பதை எடுத்துவிட்டு "வருக வருக" என்று போட்டார். அவசரத்தில் தோற்றம், மறைவுத் தேதிகளை எடுக்க மறந்துவிட்டார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பலகையின் கீழே நின்று, தொப்பியைச் சரிசெய்து, படம் எடுத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஊர் காட்ட சங்குமுனையில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, பிரகாசி. வயது ஐம்பத்தொன்று. ஒரு பழைய வெள்ளை வேனும், தொண்டை கட்டாத ஒரு குரலும் அவளுக்குச் சொத்து. அவளுடைய கணவன் கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். நாளெல்லாம் அந்தரத்தில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றால், "கடலுக்கென்ன காலா இருக்கு, நடந்து போயிர? அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லிப் புரண்டு படுத்துக்கொள்வான். இருபத்து மூன்று வருடம் கடலுக்கு நாலு தெரு தள்ளிக் குடித்தனம் நடத்தி, ஒரு வாரம்கூட அடுத்த வாரமாகாமலேயே ஒருநாள் மார்வலியில் போய்ச் சேர்ந்தான். அவன் போன நாற்பத்தொன்றாம் நாள் பிரகாசி தனியாகக் கலங்கரை விளக்கத்தின் நூற்றெண்பத்தாறு படியையும் ஏறினாள். மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தாள். இத்தனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டா பருப்புக் கடைந்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு வந்த கோபத்தில், இறங்கி வந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒன்பது வருடமாக பல ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சங்குமுனையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நீலப் பேருந்தில் நாற்பத்திரண்டு இருக்கைகள். பிரகாசி முன்னால் நின்று, ஒலிபெருக்கியை வாயருகில் வைத்து, பெயர்ப் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது பெயரில் அவள் குரல் நிற்கவில்லை, நடுங்கவில்லை. கொஞ்சம் சத்தம் மட்டும் கூடியது.

"கஸ்பார் மோத்தா."

"ஆஜர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

புதைக்கும்போது போட்டுவிட்ட கல்யாணக் கோட்டோடு, அந்துருண்டை வாசனையோடு அவன் உட்கார்ந்திருந்தான். செத்தபோது நாற்பத்தொன்பது, இப்போதும் நாற்பத்தொன்பது. பிரகாசிக்கு அவன் தன் தம்பி மாதிரித் தெரிந்தான். பதினோரு வருடம் கழித்து வந்த மனுஷன் வீட்டுக்கு வராமல், லாட்ஜில் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறானே என்று அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அழுகை பிறகு வரட்டும் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, "சன்னலோரம் உக்காந்திருக்கவங்க கையை வெளியே நீட்டாதீங்க" என்றாள்.

"இனிமே நீட்டுனா என்ன ஆயிரும்?" என்று கேட்டான் கஸ்பார். பேருந்து முழுக்கச் சிரித்தது.

முதலில் உப்பளம். வெள்ளைப் பாத்திகள் உச்சிவெயிலில் மினுங்க, அதற்கப்பால் தேங்கிய நீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இளஞ்சிவப்பாக நின்றன. நாற்பது வருடம் அதே உப்பளத்தில் கூலி ஆட்களை மேய்த்த சுடலைமுத்து வாயைப் பிளந்தார். "பறவையா அது? யாரோ சேலை காயப்போட்டிருக்காவன்னுல்லா நான் நெனச்சிருந்தேன்" என்றார், அவமானத்தோடு.

அடுத்து கடற்கரை. மீன்சந்தைத் தெரு சுலைகா பீவி, பிறந்ததிலிருந்து இறந்ததுவரை அலைச்சத்தத்தைக் கேட்டே தூங்கியவள், ஒருநாளும் கால் நனைத்ததில்லை. எட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கவே பொழுது போதவில்லை. இப்போது முழங்கால்வரை இறங்கி நின்று, ஒவ்வொரு அலைக்கும் "ஓய்!" என்று கத்திச் சிரித்தாள். கரையில் அவளுடைய எட்டு மக்களும் வரிசையாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உம்மா, வீட்டுக்கு வாங்க உம்மா, பிரியாணி ஆக்கி வச்சிருக்கோம்" என்று கூப்பிட்டார்கள். "மூடி வைங்க, இப்ப பெருசா ஒண்ணு வருது" என்றாள் சுலைகா பீவி.

சாயங்காலம் கலங்கரை விளக்கம். செத்தவர்களுக்கும் முட்டி வலிக்கும் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. உச்சியில் பிரகாசி மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்: இந்தப் பக்கம் துறைமுகம், அந்தப் பக்கம் மாதா கோயில், அதோ தர்கா, நடுவில் அடியில் கண்ணாடி பதித்த படகு போகிற பவளத் திட்டு. கஸ்பார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, நம்ம வீடு எது?"

அவள் விரலை நீட்டினாள். தீப்பெட்டி மாதிரி ஒரு ஓட்டுக்கூரை தெரிந்தது.

"இந்தா இம்புட்டுக்குள்ளயா நாம அம்புட்டுச் சண்டை போட்டோம்?" என்றான்.

பிரகாசி மனப்பாடத்தில் எந்த இடத்தில் விட்டோம் என்று தேடினாள். அகப்படவில்லை. அன்றைக்கு மட்டும் பவளத் திட்டுக்கு மேல் எதுவும் சொல்லாமலேயே எல்லோரையும் இறக்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் நாள் ஒரு சங்கடம் வந்தது. செத்தவர்கள் இவ்வளவு ஆசையாக என்னதான் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் உயிரோடிருப்பவர்களைப் பிடித்துக்கொண்டது. பால்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், துணி தைக்கிறவர்கள், பிறந்ததிலிருந்து ஒருமுறையும் அந்தப் பக்கம் போகாத பெண்கள், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்கள். கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடிப் படகில் உட்கார்ந்திருந்த ஒரு மீனவர், தான் வாழ்நாளெல்லாம் பிடித்த மீனை முதன்முதலாக அதன் முதுகுப் பக்கமிருந்து பார்த்து, "நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். "ஒரே உள்ளூர்க் கூட்டமா இருக்கு, நிம்மதியா ஒண்ணும் பாக்க முடியலை" என்று செத்தவர்கள் பால்துரையிடம் புகார் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாளின் கடைசி இடம் யோபு பேக்கரி. பிரகாசி அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாமா என்று இரண்டு நாளாகப் பேனாவும் கையுமாகத்தான் இருந்தாள்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, மனைவியை இழந்தவரும் ஐம்பத்தாறு வயதுக்காரருமான யோபு, அவளுடைய பயணிகளுக்கு முந்திரி மக்ரோன் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலேயே, "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்துக்கிடலாமான்னு நெனச்சேன்" என்றார். சொன்ன பதற்றத்தில் நூலைத் தன் விரலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். பிரகாசி அதை அவிழ்த்துக் கொடுத்து, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். அவளுக்கு யோபுவைப் பிடிக்காமல் இல்லை. வாரத்தில் மூன்று நாள் தேவையில்லாமலேயே மக்ரோன் வாங்கப் போயிருக்கிறாள். ஆனால் முப்பத்தொரு வருடமாக அணையாத விறகடுப்புக்குப் பக்கத்தில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் தன்னை உட்கார வைத்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

இது கஸ்பாருக்குத் தெரியாமலிருக்கும் என்று அவள் நினைத்தது சங்குமுனையை மறந்துபோய் நினைத்தது. முதல்நாள் முதல் டீயிலேயே காஜா மைதீன் சொல்லிவிட்டார். அந்த இருவரும் நேருக்கு நேர் சந்திப்பதைப் பார்க்கத்தான் ஊரே மூன்று நாளாகக் காத்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் நீலப் பேருந்து பேக்கரி வாசலில் நின்றபோது, எதிர் வரிசை மாடிகளில் நிற்க இடமில்லை.

யோபு ஒரு தட்டை நீட்டினார். "சாப்பிடுங்க அண்ணாச்சி."

"உமக்கு என்னைவிட ஏழு வயசு கூட. அண்ணாச்சிங்கீரு" என்றான் கஸ்பார். ஒரு மக்ரோனை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினான். அது கரைந்து முடியும்வரை தெருவே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "முந்திரி போதாது" என்றான். பிறகு இன்னொன்றை எடுத்துக்கொண்டான். "ஒண்ணு கேக்கேன். இவ்வளவு காலமா இந்த ஊர்ல இருக்கீரே, லைட் ஹவுஸ் ஏறியிருக்கீரா?"

"இல்ல அண்ணாச்சி."

"உப்பளத்துல பறவை பாத்திருக்கீரா?"

"அடுப்பு அணைஞ்சிரும், அண்ணாச்சி. எங்கயும் போறதில்ல."

கஸ்பார் பிரகாசியின் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் அப்போது கேலி இல்லை. "இவர் இன்னொரு நானு. வேண்டாம்ட்டி. எனக்குப் பக்கத்துல ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு. எங்கூட வந்திரு. இனிமே ஞாயித்துக்கிழமை தோறும் கூட்டிட்டுப் போவேன். சத்தியமா."

மாடிகளில் இருந்தவர்கள் "ஆத்தாடி!" என்றார்கள். பேருந்து ஓட்டுநர் அந்த இருக்கையைத் துணியால் துடைத்துவிட்டார்.

பிரகாசி கேட்டாள்: "அங்க பாக்க என்ன இருக்கு?"

கஸ்பார் தலையைச் சொறிந்தான். "ஒரு ஆறு இருக்குன்னு சொல்லுதாவ. மேல ஒரு மலை, அதுல தானாப் பாடுற மரமெல்லாம் உண்டாம்."

"எப்படி இருக்கு அது?"

"யாருக்குத் தெரியும்? நாங்க போனதில்ல."

"பதினோரு வருசமா?"

"அங்கதானட்டி இருக்கோம்..." என்று சொல்ல வந்தவன், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். மற்ற நாற்பது பேரும் தங்கள் தொப்பிகளை உற்றுப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பிரகாசிக்கு மூன்று நாளாக ஒதுக்கி வைத்திருந்த அழுகை வந்தது; வந்த வழியிலேயே கோபமாக மாறி, ஒலிபெருக்கி இன்னும் கையிலிருப்பதை அவள் மறந்துவிட்டதால், நாலு தெருவுக்கும் கேட்டது. "கேட்டியளா ரெண்டு பேரும்! ஒரு ஆளு சீட்டு காலின்னு கூப்புடுதிய, ஒரு ஆளு வீட்ல இருந்துக்கிடலாம்னு கேட்டிய. ஒன்பது வருசமா நான் ஊருக்கெல்லாம் ஊரைக் காட்டுதேன். எனக்கு எவனாச்சும் எதையாச்சும் காட்டியிருக்கியளா? நான் எங்கயாச்சும் போய், ஒண்ணும் தெரியாதவளா நின்னு, 'அது என்ன, இது என்ன'ன்னு கேட்டிருக்கேனா? வேணாம். எனக்குச் சீட்டும் வேணாம், ஸ்டூலும் வேணாம்."

ஒலிபெருக்கி கீச்சென்றது. யோபு திரும்பி உள்ளே போய்விட்டார். ஓடிவிட்டார் என்று மாடியில் யாரோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சர்ரென்று ஒரு பெரிய சத்தமும், அதன் பின்னாலேயே வெள்ளை வெள்ளையாகப் புகையும் வந்தன. புகைக்குள்ளிருந்து, முழங்கைவரை நனைந்து, கையில் காலி வாளியோடு யோபு வெளியே வந்தார். 

"அடுப்பை அணைச்சிட்டேன்" என்றார்.

செத்தவர்கள் வந்ததற்கு வியக்காத சங்குமுனை அதற்கு வியந்தது. கிழவிகள் மார்பில் கைவைத்தார்கள். மக்ரோனுக்கு நின்ற வரிசை தன்னால் கலைந்தது. ஒருவர் போய் மாதா கோயில் மணியை அடித்துவிட்டார். கஸ்பார் யோபுவின் ஈரக் கையையும் அந்த வாளியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் ஒருநாளும் கிரேனை நிறுத்துனதில்ல" என்றான், மெதுவாக.

நாலு மணிக்கு நீலப் பேருந்து கிளம்பத் தயாரானது. சுலைகா பீவியின் மஞ்சள் பையில் எட்டு வீட்டு பிரியாணி இருந்தது. ஞானையா கடைசிவரை தாக்குப்பிடித்துப் பார்த்து, கிளம்புவதற்கு அரைமணி நேரம் இருக்கும்போது வீட்டுக்கு ஓடிப்போய் மோட்டாரைச் சரிசெய்துவிட்டு, கிரீஸ் கையோடு வந்து ஏறினார். கஸ்பார் சன்னல் வழியாகப் பிரகாசியைக் கூப்பிட்டான்.

"ஏட்டி, ஊர் காட்டுறதுக்கு முதல்ல என்ன தெரிஞ்சிருக்கணும்?"

"எதுக்குக் கேக்குதிய?"

"அந்த ஆத்தைப் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். தனியா எதுக்கு, நாலு பேரையும் கூட்டிட்டுப் போவோமே."

அவள் சன்னலருகில் போனாள். "ஏறும்போது தலையை எண்ணணும், இறங்கும்போது தலையை எண்ணணும். தெரியாததைக் கேட்டா தெரியாதுன்னு சொல்லக்கூடாது, பழைய காலத்து ராஜா கட்டுனதுன்னு சொல்லணும். அழுறவங்க இருந்தா அவங்களைச் சன்னலோரம் உக்கார வைக்கணும்." கஸ்பார் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கருத்தாக எழுதிக்கொண்டான். அவள் ஒலிபெருக்கியை அவன் மடியில் வைத்தாள். "பேட்டரி பாத்துக்கோங்க" என்றாள். பேருந்து நகர்ந்தபோது, பழக்கமில்லாத குரலில், அளவுக்கு மீறிய சத்தத்தில், "சன்னலோரம் உக்காந்திருக்கவங்க கையை நல்லா வெளியே நீட்டுங்க!" என்று கேட்டது. நாற்பத்தொரு கைகள் வெளியே நீண்டு ஆடின. உப்பளத்து வளைவுவரை அவை தெரிந்துகொண்டிருந்தன. பிரகாசி வேனின் பக்கவாட்டில் சாய்ந்து நின்று வேண்டுமட்டும் அழுதாள். யோபு கொஞ்சம் தள்ளி, வாளியைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வெள்ளை வேன் பேக்கரி வாசலில் நின்றது. "ஏறுங்க" என்றாள் பிரகாசி. யோபு, "எங்க?" என்று கேட்க வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு ஏறினார். மேற்கே போனார்கள். பெயர் தெரிந்த ஊர்களையெல்லாம் தாண்டும்வரை போனார்கள். ஒரு மலை வந்தது, அது போனது. யோபுவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாமல் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. மத்தியானம் போல, பலகையில் எழுத்து அழிந்துபோன ஒரு சிற்றூரில், ஒரு தெப்பக்குளத்தின் கரையில் இறங்கினார்கள். நடுவில் ஒரு சின்ன மண்டபம், அதன் மேல் ஒரு அரசங்கன்று, தண்ணீரில் ஒரு எருமை. பிரகாசி படிக்கட்டில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா நீங்க? இந்தக் குட்டையில அப்படி என்னத்தைப் பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"அந்த மண்டபம் யார் கட்டுனது?" என்று கேட்டாள் பிரகாசி.

"யாருக்குத் தெரியும். இங்கயேதான் கெடக்கு."

பிரகாசி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, யோபுவிடம், "அன்னைக்குக் கேட்டியளே. சரி" என்றாள். அந்த நேரம் பார்த்து எருமை கத்தியது.

"என்ன சொன்னிய?" என்றார் யோபு.

"சரின்னு சொன்னேன்."

"எது சரி?"

கையில் ஒலிபெருக்கி இல்லாததால் பிரகாசி எழுந்து நின்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்த வேண்டியிருந்தது: "உம்மைக் கட்டிக்கிடுதேன்னு சொன்னேன்!"

குளத்தின் நாலு கரையிலும் துவைக்கிற சத்தம் நின்றது. துணி துவைத்த பெண் ஈரக் கையோடு கைதட்டினாள். அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இந்த இரண்டு பேரையும் பார்க்கத் தொடங்கினார்கள்.